ஈரக் காற்று எங்கே போகிறது?

வீடும் நலமும் – குழுக் கூட்டத்தில் படித்துப் பேச ஒரு பாடம்



சென்ற ஐப்பசி, கார்த்திகை மழையில் நம் கூட்டமைப்பைச் சேர்ந்த ஒரு குழுவின் கணக்கு நோட்டுகள் வீணாகிப் போயின. வீட்டுக்குள் வெள்ளம் வரவில்லை. கூரை ஒழுகவில்லை. எலியும் கடிக்கவில்லை. நோட்டுகளைக் கெடுத்தது பாத்ரூமில் மாட்டியிருந்த ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன்!

"ஃபேன் எப்படிங்க நோட்டைக் கெடுக்கும்?" என்று நீங்கள் கேட்பீர்கள். நாங்களும் முதலில் அப்படித்தான் கேட்டோம். நம்மில் பலர் இப்போது புது வீடு கட்டுகிறோம், பழைய வீட்டோடு பாத்ரூம் சேர்த்துக் கட்டுகிறோம். இதே தவறு நம் வீட்டிலும் நடக்கலாம். அதனால் நடந்ததை அப்படியே எழுதுகிறோம். அந்தக் குழுவினரும் "எழுதுங்க, நாலு பேருக்கு உதவட்டும்" என்று சம்மதம் தந்தார்கள்.

நடந்தது என்ன?

அந்தக் குழுவின் ஊக்குநர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்திலும் கடனிலும் ஒரு வீடு கட்டினார். மாமியாருக்கு மூட்டு வலி. ராத்திரியில் கொல்லைக்குப் போக முடியாது. அதனால் வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் வைத்தார். பாத்ரூமுக்கு 7 அடி உயரத்தில் தளம் போட்டு, அதற்கு மேலே பரண் விட்டார்கள். பரணின் வாய் படுக்கை அறைப் பக்கம் திறந்திருந்தது. நம் ஊர்களில் வழக்கமாகக் கட்டுவதுதான்.

எல்லா வேலையும் முடிந்த பிறகுதான் எக்ஸாஸ்ட் ஃபேன் நினைப்பு வந்தது. மேஸ்திரி சொன்னார்: "பின்சுவத்துல டைல்ஸ் ஒட்டியாச்சு தங்கச்சி. இப்ப உடைச்சா வீணாப் போயிடும். மேல தளத்துல ஒரு ஓட்டை போட்டு மாட்டிடுறேன். ஆவி தானா மேல போயிடும்."

இவரும் "சரிண்ணே" என்று விட்டுவிட்டார்.

ஆவி மேலே போனது உண்மைதான். ஆனால் வீட்டை விட்டுப் போகவில்லை. வீட்டில் 5 பேர். மாமியாருக்கும் பிள்ளைகளுக்கும் தினமும் வெந்நீர்க் குளியல். அந்த ஆவி முழுவதையும் ஃபேன் பரணுக்குள் தள்ளியது. பரணில்தான் குழுவின் டிரங்குப் பெட்டி இருந்தது. தீர்மான நோட்டு, ரொக்கப் புத்தகம், பொதுப் பேரேடு, உறுப்பினர் கடன் பேரேடு எல்லாம் அதற்குள். பக்கத்தில் விதை நெல் மூட்டை ஒன்று.

வங்கியிலிருந்து கணக்குப் பார்க்க வருகிறார்கள் என்று பெட்டியை இறக்கித் திறந்தார்கள். உள்ளே கரும்பச்சையாகப் பூஞ்சணம். ஏடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. மை ஊறி எழுத்து கலைந்திருந்தது. 2 வருட வரவு செலவைப் படிக்க முடியவில்லை. நெல் மூட்டையிலும் முக்கிப் போன வாடை.

ஊக்குநரை யாரும் குறை சொல்லவில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் சொன்னார்கள். "நம்ம காசுக்கான கணக்கு, இப்படியா வச்சிருப்பாங்க?" என்று ஒருவர் கேட்டே விட்டார். ஊக்குநர் அழுதுவிட்டார். கூட்டம் பாதியில் கலைந்தது. மறுநாள் இன்னொரு உறுப்பினர் பரணில் ஏறிக் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இங்க வந்து பாருங்க, சுவரு வேர்த்துக் கிடக்கு" என்றார். அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

உறுப்பினர்கள் கையில் இருந்த தனிநபர் பாஸ் புத்தகங்களையும் வங்கிப் பாஸ் புத்தகத்தையும் ஒப்பிட்டு, 3 வாரம் இரவில் உட்கார்ந்து புதிய பேரேடு எழுதினார்கள். கணக்கு பைசா சுத்தமாகச் சரியாக வந்தது. ஆனாலும் கடன் 2 மாதம் தள்ளிப் போனது. மகளின் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்ட வேண்டிய ஒரு சகோதரி, வேறு வழியில்லாமல் வெளியில் வட்டிக்கு வாங்கினார். அந்த வட்டியை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறார்.

முன்பு ஏன் இந்தத் தொல்லை இல்லை?

நம் அம்மா காலத்தில் குளியல் எல்லாம் கொல்லையில். நாலு பக்கம் கீற்றுத் தட்டி, மேலே வானம். குளித்த ஈரம் வெயிலோடு போய்விடும். வீடும் கூரை வீடு, ஓட்டு வீடு. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கு வழியாகக் காற்று போய் வந்துகொண்டே இருக்கும்.

இப்போது கான்கிரீட் வீடு. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டின் குறைந்தபட்ச அளவு 25 சதுர மீட்டர். அதாவது சுமார் 269 சதுர அடி. இந்தச் சின்ன இடத்துக்குள் சமையல், படுக்கை எல்லாம். அதோடு பாத்ரூமையும் ஒட்டிக் கட்டினால் ஈரம் போக இடுக்கே இருக்காது. நாம்தான் வழி வைக்க வேண்டும்.

ஈரத்துக்கும் ஒரு கணக்கு உண்டு

வரவு செலவுக் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இந்தக் கணக்கு கஷ்டமில்லை.

4 அடி அகலம், 6 அடி நீளம், 7 அடி உயரம் உள்ள பாத்ரூமுக்குள் 168 கன அடி காற்று இருக்கும். 30 டிகிரி வெப்பத்தில் அந்தக் காற்று ஏறக்குறைய 140 மில்லி தண்ணீரை ஆவியாகத் தாங்கி நிற்கும். நாம் காபி குடிக்கும் ஒரு டம்ளர் அளவு. இது காற்றில் உள்ளது மட்டும். சுவரிலும் தரையிலும் துண்டிலும் இருப்பது தனி.

வெப்பக் காற்று அதிக ஈரத்தைத் தாங்கும். குளிர்ந்தால் தாங்காது. 20 டிகிரிக்கு இறங்கினால் ஏறக்குறைய பாதி ஈரத்தைக் கீழே விட்டுவிடும். ஐஸ் தண்ணீர் வைத்த சொம்பின் வெளிப்பக்கம் வேர்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரிதான் மழை நேரத்தில் குளிர்ந்து கிடக்கும் தளத்திலும் சுவரிலும் இரும்புப் பெட்டியிலும் ஆவி நீராக மாறிப் படிகிறது.

ஆகவே எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டினால் மட்டும் வேலை முடிந்துவிடாது. அது ஈரத்தை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தள்ளும் கருவி, அவ்வளவுதான். பரணுக்குத் தள்ளினால் பரண் கெடும். சமையலறைக்குத் தள்ளினால் சமையலறை கெடும். நாலு பக்கமும் ஷீட் அடைத்த சாய்ப்புக்குத் தள்ளினால் அதுவும் கெடும். வானம் தெரியும் இடத்துக்குத் தள்ளினால்தான் ஈரம் வீட்டை விட்டுப் போனதாகக் கணக்கு.

ஈரம் தங்கினால் என்ன கெடுதல்?

உடம்புக்கு: ஈரச் சுவரில் ஓரிரு நாளிலேயே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். அதன் நுண்ணிய தூள் காற்றில் பறந்து மூச்சோடு உள்ளே போகிறது. ஈரமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் வசிப்பவர்களுக்கு இருமல், இளைப்பு, ஆஸ்துமா தொல்லை அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் 2009-இல் வெளியிட்ட வழிகாட்டி சொல்கிறது. கைக்குழந்தைக்கும், ஏற்கெனவே இளைப்பு உள்ளவர்களுக்கும் பாதிப்பு கூடுதல். நாம் பார்த்த வீட்டிலும் மாமியாருக்கு மழை தொடங்கியதிலிருந்து ராத்திரி இருமல். "வயசாயிடுச்சு, அதான்" என்று விட்டிருந்தார்கள். அவர் படுத்தது பரண் வாய்க்கு நேர் கீழே.

கட்டடத்துக்கு: ஈரம் காரைக்குள் இறங்கிக் கம்பியைத் தொட்டால் கம்பி துருப்பிடிக்கும். துரு, பழைய இரும்பை விட அதிக இடத்தை அடைக்கும். அதனால் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளந்து காரையைத் தள்ளிவிடும். கடன் வாங்கிக் கட்டிய வீட்டின் தளம், கடன் அடைவதற்குள் பெயர்ந்து விழலாமா?

பொருள்களுக்கு: பத்திரம், பட்டா, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் சான்றிதழ், விதை, தானியம், பட்டுப் புடவை எதுவும் தப்பாது.

பெண்களுக்கு என்று தனியாக ஒன்று: மாதவிலக்குத் துணியை யாரும் பார்க்கக் கூடாது என்று பாத்ரூம் மூலையில் மற்ற துணிக்கு அடியில் காயப் போடுகிறோம். காற்றோட்டமில்லாத பாத்ரூமில் அது காயவே காயாது. அரைகுறையாகக் காய்ந்த துணியைப் பயன்படுத்தினால் அரிப்பும் தொற்றும் வரும். அதை வெயிலில்தான் உலர்த்த வேண்டும். வெட்கமாக இருந்தால் மேலே மெல்லிய துணி ஒன்றைப் போட்டு உலர்த்தலாம்.

ஃபேன் எங்கே, எப்படி வைப்பது?

1. இடம்: வானம் பார்த்த வெளிச்சுவரில், தளத்தை ஒட்டி உயரத்தில் வையுங்கள். வெப்ப ஆவி மேலேதான் நிற்கும். கதவுக்கு எதிர்ப்பக்கச் சுவராக இருந்தால் நல்லது. கதவுப் பக்கம் நுழையும் காற்று அறை முழுவதும் கடந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு போகும்.

2. நேரம்: சுவர் எழுப்பும்போதே மேஸ்திரியிடம் சொல்லி ஓட்டை விடச் சொல்லுங்கள். டைல்ஸ் ஒட்டிய பிறகு சொன்னால் அந்த வீட்டில் நடந்த கதைதான்.

3. அளவு: சின்ன பாத்ரூமுக்கு 6 அங்குல ஃபேன் தாராளம். ஃபேன் பெட்டியில் மணிக்கு இத்தனை கன மீட்டர் காற்று என்று போட்டிருப்பார்கள். 85-க்குக் குறையாமல் இருந்தால் போதும்.

4. உள்ளே வரும் வழி: காற்று உள்ளே வந்தால்தான் வெளியே போகும். கதவுக்கு அடியில் முக்கால் அங்குலம் இடைவெளி விடுங்கள், அல்லது கதவின் கீழ்ப்பகுதியில் சட்டம் வைத்த காற்று வழி விடுங்கள். இறுக்கி அடைத்த அறையில் ஃபேன் சத்தம் போடும், வேலை செய்யாது.

5. குழாய்: சுவரில் நேராக மாட்டுவதே சிறந்தது. வேறு வழியில்லாமல் குழாய் போட்டால், அதற்கென்று விற்கும் குழாய் ஃபேனை வாங்குங்கள். சாதாரண இறக்கை ஃபேனுக்கு நீண்ட குழாயில் காற்றைத் தள்ளும் பலம் கிடையாது. குழாய் முடிந்தவரை குட்டையாகவும் நேராகவும் இருக்கட்டும். நடுவில் எங்கும் விட்டம் குறையக் கூடாது. வெளிப்பக்கம் சற்றுச் சாய்வாக வையுங்கள். உள்ளே படியும் தண்ணீர் வெளியே வடியும்.

6. வெளிமுகம்: ஃபேன் நின்றால் தானாக மூடும் பட்டை மூடி வையுங்கள். மழைச் சாரல் அடிக்காமல் மேலே சின்ன சன்ஷேடு. குருவி, பல்லி நுழையாமல் வலை. வலைக் கண் மிகப் பொடியாக இருந்தால் தூசு அடைத்துவிடும்.

7. மின்சாரம்: ஈரம் உள்ள இடம், விளையாட்டு வேண்டாம். சுவிட்ச் பாத்ரூமுக்கு வெளியே இருக்கட்டும். குளிப்பவர் கைக்கு எட்டாத உயரத்தில் ஃபேன் இருக்கட்டும். எர்த் இணைப்பு கட்டாயம். வீட்டு மெயினில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருந்தால் ஷாக் அடிக்கும் நேரத்தில் அதுவே மின்சாரத்தைத் துண்டிக்கும். உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனை வைத்தே செய்யுங்கள்.

8. ஓட விடும் நேரம்: குளித்து முடித்த பிறகும் 20 நிமிடம் ஓடட்டும். "கரண்ட் பில் ஏறிடுமே" என்று பயப்பட வேண்டாம். 40 வாட் ஃபேன் 25 மணி நேரம் ஓடினால்தான் ஒரு யூனிட். தினமும் அரை மணி நேரம் ஓட விட்டாலும் மாதத்துக்கு ஒரு யூனிட் கூட ஆகாது.

செய்யவே கூடாதவை

* செப்டிக் டேங்க் காற்றுக் குழாயில் எக்ஸாஸ்ட் குழாயைச் சேர்க்காதீர்கள். ஃபேன் நின்றதும் அந்த நாற்றக் காற்று அதே வழியாக வீட்டுக்குள் வரும்.

* பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராக வைக்காதீர்கள். நம் ஈரம் அவர்கள் வீட்டுக்குப் போனால் நாளைக்கு வாய்ச்சண்டைதான். நம் சமையலறை ஜன்னலுக்கு அருகிலும் வேண்டாம்.

* பாத்ரூமுக்குள் கரியோ விறகோ போட்ட பாய்லர், கேஸ் கீசர் வைக்காதீர்கள். அடைத்த அறையில் எரியும் நெருப்பிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரலாம். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. தெரியாமலேயே மயக்கம் வந்து உயிரே போய்விடலாம். ஃபேன் இருக்கிறதே என்று இதில் துணிச்சல் வேண்டாம்.

* பாத்ரூமை ஒட்டி விறகு அடுப்பு எரிகிறதா? ஜன்னல்களை எல்லாம் அடைத்துவிட்டு பாத்ரூம் ஃபேனைப் போட்டால், அது அடுப்புப் புகையை வீட்டுக்குள் இழுத்துவிடும். சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்த பிறகே போடுங்கள்.

சாம்பிராணிச் சோதனை

ஃபேன் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் செலவே இல்லை. இரண்டு பேர் போதும். ஒருவர் பாத்ரூமுக்குள் சாம்பிராணி போட்டு, கதவைச் சாத்திவிட்டு வெளியில் வந்து ஃபேனைப் போட வேண்டும். இன்னொருவர் வீட்டுக்கு வெளியே ஃபேன் முகத்துக்கு எதிரே நிற்க வேண்டும். புகை வெளியே நன்றாகத் தெரிந்தால் சரி. பிறகு இருவரும் வீட்டுக்குள் ஒரு சுற்று வாருங்கள். பரணிலோ படுக்கை அறையிலோ சமையலறையிலோ சாம்பிராணி வாசம் அடித்தால், ஈரமும் அங்கேதான் போகிறது.

மாதம் ஒரு முறை மெயினை நிறுத்திவிட்டு இறக்கையிலும் வலையிலும் உள்ள தூசைத் துடையுங்கள். மோட்டார் மேல் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

ஃபேன் வாங்க வசதி இல்லையென்றால்?

கவலை வேண்டாம். ஃபேன் வருவதற்கு முன்பே காற்று இருந்தது. தளத்தை ஒட்டி வெளிச்சுவரில் கண்ணாடிப் பட்டை ஜன்னலோ, சிமெண்ட் ஜாலியோ வையுங்கள். கதவுக்கு அடியில் இடைவெளி விடுங்கள். கீழே குளிர் காற்று நுழையும், மேலே வெப்பக் காற்று வெளியேறும். குளித்ததும் சுவரில், தரையில் நிற்கும் தண்ணீரைத் துடைப்பத்தால் தள்ளிவிடுங்கள். ஈரத் துண்டை உள்ளே போடாமல் கொடியில் போடுங்கள். இவற்றுக்குச் செலவு மிகக் குறைவு. பலன் கண்ணுக்குத் தெரியும்.

"மழைக் காலத்துல வெளியிலயே ஈரம்தானே, அப்ப ஃபேன் எதுக்கு?" என்று ஒரு சகோதரி கேட்டார். நல்ல கேள்வி. மழைக் காலத்தில் பாத்ரூம் காய நேரம் ஆகும் என்பது உண்மை. ஆனால் வெந்நீர் ஆவியில் உள்ள அளவு ஈரம் வெளிக்காற்றில் இருக்காது. அதனால் அப்போதும் வெளியேற்றத்தான் வேண்டும். இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக ஓட விடுங்கள்.

அந்த வீட்டில் இப்போது

பரணுக்குப் போட்ட ஓட்டையைச் சிமெண்ட் கலவையால் அடைத்தார்கள். பின்சுவரில் கொல்லைப் பக்கம் புது ஓட்டை போட்டு அதே ஃபேனை மாட்டினார்கள். உடைந்தது 2 டைல்ஸ்தான். ஒரு நாள் கூலியும் அரை மூட்டை சிமெண்டும் செலவு. இதை முதலிலேயே செய்திருக்கலாம் என்று மேஸ்திரியே சொன்னாராம். பரண் சுவரைக் கழுவிக் காயவிட்டு வெள்ளை அடித்தார்கள். மாமியாரின் கட்டிலை இடம் மாற்றிப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்கும் அழைத்துப் போய்க் காட்டினார்கள். இப்போது ராத்திரியில் தூங்குகிறார்.

குழுவின் பெட்டி இப்போது பரணில் இல்லை. அறையில், சுவரை ஒட்டாமல், மரப் பலகை மேல் இருக்கிறது. மாதம் ஒரு முறை கூட்டத்தில் எல்லோர் முன்னிலையிலும் திறந்து பார்க்கிறார்கள். அன்று கோபப்பட்டுப் பேசிய சகோதரிதான் "இனிமே சாவி ஒருத்தர்கிட்ட, பெட்டி ஒருத்தர்கிட்ட இருக்கட்டும். பாரம் ஒருத்தர் தலையில மட்டும் வேண்டாம்" என்று தீர்மானம் கொண்டுவந்தார். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

குழுக் கூட்டத்தில் பேச

1. நம் குழுவின் கணக்கு நோட்டுகள் எங்கே இருக்கின்றன? அந்த இடத்தில் ஈரம் உண்டா? கடைசியாக எப்போது திறந்து பார்த்தோம்?

2. நம் உறுப்பினர் வீடுகளில் எத்தனை வீட்டில் பாத்ரூம் காற்று வீட்டுக்குள்ளேயே வருகிறது? சாம்பிராணிச் சோதனை செய்து சொல்லுங்கள்.

3. இந்த வருடம் வீடு கட்டப் போகிறவர்கள் யார்? டைல்ஸ் ஒட்டும் முன் மேஸ்திரியிடம் என்ன சொல்ல வேண்டும்?

4. தனிநபர் பாஸ் புத்தகத்தை ஒவ்வொரு கூட்டத்திலும் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோமா? அந்தக் குழுவைக் காப்பாற்றியது அதுதான்.

பேசியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்கள். உங்கள் ஊரில் கண்டதைக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது சொல்லுங்கள். அடுத்த இதழில் அதையும் சேர்த்துப் போடுகிறோம்.